சிரட்டையில் சொட்டும் தேடல்கள்: வீட்டு இணைய இணைப்பு நம்மை வேவு பார்ப்பதைக் கண்டறிந்து தடுக்கும் முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், யார் வீட்டில் வைஃபை நின்றாலும் கேபிள்காரருக்கு முன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பத்து ஆண்டுகள் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாவம். போன சக்கை (பலாப்பழ) காலத்தில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது, ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தம்பி, நான் போனில் என்ன பார்க்கிறேன் என்று இந்த நெட் கொடுக்கிறவனுக்குத் தெரியுமா?"

அவர் மகள் நர்ஸிங் முடித்தவள். ஜெர்மனியில் வேலை பார்க்கலாமா என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளே, எதையும் தேடாத அம்மாவின் போனில் ஜெர்மன் மொழி வகுப்பு விளம்பரம் வரிசை கட்டியது. யூடியூபில் சமையல் மட்டும் பார்க்கிறவர் அவர்.

"தெரியும் அண்ணாச்சி. ஆனால் நீங்கள் பயப்படுவது வேறு, அவனுக்குத் தெரிவது வேறு" என்றேன். அதை விளக்குவதற்குள் மூன்று கட்டன் சாயா ஆகிவிட்டது. அன்று பேசியதையும் செய்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

யார் எதைப் பார்க்கிறார்கள்

நம்மைக் கவனிப்பவர்கள் இரண்டு வகை. முதல் வகை, நாம் போகும் இடத்தில் இருப்பவர்கள்: கூகுள், பேஸ்புக், ஷாப்பிங் செயலிகள், இணையதளங்களில் ஒட்டியிருக்கும் விளம்பர வலைகள். இரண்டாம் வகை, நாம் போகும் வழியில் இருப்பவர்: மாதாமாதம் நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு இணைப்பு தருகிறவர்.

அண்ணாச்சி வீட்டில் நடந்தது பெரும்பாலும் முதல் வகையின் வேலை. ஒரே மோடத்தின் வழியாகப் போகும் எல்லா போன்களும் வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே ஐபி எண்ணில், அதாவது இணையத்தில் அந்த இணைப்புக்குரிய முகவரி எண்ணில், தெரியும். 'இந்த வீட்டில் யாரோ ஜெர்மனி தேடுகிறார்' என்று விளம்பர வலை ஊகிக்க அது போதும். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் நகைக்கடை விளம்பரம் மலையாளத்தில் வருவதும் இதே கதைதான். ஐபி எண்ணை வைத்து ஊரைக் குத்துமதிப்பாகக் கணிக்கிறார்கள், கணக்கு எல்லை தாண்டி விழுகிறது. இதற்கெல்லாம் கேபிள்காரரை முறைப்பது அநியாயம்.

ஆனால் வழியில் இருப்பவருக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. கூகுளைப் பிடிக்காவிட்டால் வேறு தேடுபொறிக்குப் போகலாம், பேஸ்புக்கை நீக்கிவிடலாம். வீட்டுக்குள் வரும் வயர் ஒன்றுதான். போன், டிவி, பிள்ளையின் லேப்டாப், வாசலில் மாட்டிய கேமரா எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன. எங்கள் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பட்டையில் மெல்லிய சாய்ந்த வெட்டு, கீழே ஒரு சிரட்டை. மரம் பாட்டுக்கு நிற்கும், பால் பாட்டுக்குச் சொட்டும். மரத்திடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

சிரட்டையில் என்ன விழுகிறது? இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் முறையில் ஓடுகின்றன. அதனால் நீங்கள் தட்டிய தேடல் சொல், படித்த பக்கம், கடவுச்சொல், வாட்ஸ்அப் செய்தி எதுவும் இணைப்பு தருகிறவருக்குத் தெரியாது. தெரிவது இவை: எந்தத் தளத்தின் பெயர், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு டேட்டா. 'இதில் என்ன இருக்கிறது' என்று தோன்றலாம். இரவு ஒரு மணிக்குக் கருத்தரிப்பு மருத்துவமனையின் தளம், மறுநாள் தனிநபர் கடன் தளம், அதற்கடுத்த நாள் நகை அடகு நிறுவனத்தின் தளம். பக்கத்தைப் படிக்காமலே அந்த வீட்டின் கதையை யாரும் சொல்லிவிடலாம்.

தளத்தின் பெயர் இரண்டு ஓட்டைகள் வழியாகக் கசிகிறது. ஒன்று டிஎன்எஸ். தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண்ணைக் கேட்கும் டைரக்டரி விசாரணை போன்றது இது. வழக்கமாக இந்தக் கேள்வி பூட்டு எதுவும் இல்லாமல் இணைப்பு தருகிறவரின் சர்வருக்கே போகிறது. மற்றொன்று எஸ்என்ஐ. பூட்டுப் போடுவதற்கு முன்னால் பிரௌசர் 'நான் இந்தத் தளத்துக்கு வந்திருக்கிறேன்' என்று வாசலில் சத்தமாகச் சொல்லும் பெயர் அது. முதல் ஓட்டையை எளிதாக அடைக்கலாம். இரண்டாவது பாதிதான் அடைபடும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

இது கற்பனைப் பயமா?

பிரிட்டனில் பிடி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் 2006-லும் 2007-லும் ஃபோர்ம் என்ற விளம்பர நிறுவனத்தின் கருவியைத் தன் வாடிக்கையாளர்கள் மீது இரகசியமாகச் சோதித்துப் பார்த்தது. ஆயிரக்கணக்கானோர் உலாவியது கவனிக்கப்பட்டது; ஒருவரிடமும் கேட்கவில்லை. 2008-இல் விஷயம் வெளியே வந்து பெரும் சச்சரவானது. ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் அரசு மீதே நடவடிக்கை தொடங்கியது; கடைசியில் பிரிட்டன் தன் ஒட்டுக்கேட்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்தத் திட்டத்தில் எனக்கு மறக்க முடியாத ஒரு தந்திரம் உண்டு. 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னவர்களை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு குக்கீயை, அதாவது தளம் நம் பிரௌசரில் போட்டு வைக்கும் சிறு குறிப்பை, பயன்படுத்தினார்கள். தனியுரிமையில் அக்கறை உள்ளவர்தான் குக்கீகளை அடிக்கடி அழிப்பார். அழித்தால் அவருடைய மறுப்பும் அழிந்துவிடும்.

அமெரிக்காவில் வெரைசன் 2012 முதல் தன் மொபைல் வாடிக்கையாளர்கள் பூட்டில்லாத தளங்களுக்கு அனுப்பும் கோரிக்கைகளில் ஒரு தனி அடையாளக் குறியைச் செருகியது. போனில் எதை அழித்தாலும் அது போகாது, காரணம் அது போனில் இல்லை, வழியில் சேர்க்கப்பட்டது. 2014-இல் அம்பலமாகி, 2016 மார்ச்சில் 13.5 லட்சம் டாலர் அபராதத்தில் முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், உலாவல் வரலாற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்த முன்சம்மதம் கட்டாயம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. 2017-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2015 ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிரலாளர், ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் சொந்த வலைப்பக்கத்தைத் திறந்தபோது தான் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்) உள்ளே இருப்பதைக் கண்டார். வாடிக்கையாளர்கள் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள உதவும் ஏற்பாடு அது என்றது நிறுவனம். அந்தக் கருவியைத் தயாரித்த இஸ்ரேல் நிறுவனமோ, கண்டுபிடித்தவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது.

சட்டப்படி வைத்தே தீர வேண்டிய பதிவு ஒன்றும் உண்டு. எந்த வாடிக்கையாளருக்கு எந்த ஐபி எண் எப்போது கொடுக்கப்பட்டது என்பது போன்ற விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் இணைப்பு தரும் நிறுவனங்களின் உரிமம் திருத்தப்பட்டது. அதை நாம் நிறுத்த முடியாது. விசாரணைக்காக வைக்கும் பதிவு விளம்பரச் சந்தைக்குப் போகக் கூடாது என்பதுதான் நம் வாதம்.

முதல் படி: சோதித்துப் பாருங்கள்

மூன்று சோதனைகள். முடிந்தால் லேப்டாப்பில் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் வீட்டு வைஃபையில் ஒரு முறையும், வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் ஒரு முறையும் செய்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடாவிட்டால் எதையும் சொல்ல முடியாது.

ஒன்று. முகவரிப் பட்டையில் வாய்க்கு வந்தபடி இருபது முப்பது எழுத்து அடித்து, இறுதியில் டாட் காம் சேர்த்துத் தட்டுங்கள். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று வந்தால் சரி. மாறாக விளம்பரமோ தேடல் பக்கமோ திறந்தால், இல்லாத முகவரிகளை யாரோ பிடித்துத் திருப்புகிறார்கள் என்று பொருள்.

இரண்டு. பூட்டில்லாத ஒரு தளத்தைத் திறக்க வேண்டும். இதற்கென்றே 'நெவர் எஸ்எஸ்எல்' என்ற பெயரில் ஒரு டாட் காம் தளம் இருக்கிறது. திறந்ததும் கண்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்தினால் பக்கத்தின் மூலநிரல் தெரியும். அதிலேயே சொந்தமாகச் சில வரி ஸ்கிரிப்ட் இருக்கலாம், பதற வேண்டாம். வீட்டு இணைப்பில் வந்ததையும் மொபைல் டேட்டாவில் வந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கூடுதல் வரிகள், அறியாத முகவரி இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வைத்திருந்த ஓர் இணைப்பில், கோவில் கொடை நோட்டீஸ் போட்டிருந்த ஒரு சின்னத் தளத்தைத் திறந்தால் மூலையில் சூதாட்ட விளம்பரம் துள்ளும். தளத்தை நடத்தியவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பக்கத்தில் அப்படி ஒன்றே இல்லை. இந்தச் சோதனை அன்று தெரிந்திருந்தால் ஒரு நட்பு மிஞ்சியிருக்கும்.

மூன்று. 'டிஎன்எஸ் லீக் டெஸ்ட்' என்று சேர்த்து எழுதி டாட் காம் போட்டால் ஒரு சோதனைத் தளம் வரும். நீட்டித்த சோதனையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் டைரக்டரிக் கேள்விக்குப் பதில் சொல்வது யார் என்று பட்டியல் காட்டும். இப்போது அங்கே உங்கள் இணைப்பு நிறுவனத்தின் பெயர் இருப்பது இயல்புதான். கீழே உள்ள படிகளை முடித்த பிறகும் அதே பெயர் இருந்தால்தான் பிரச்சினை.

ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனைகளில் மாட்டுவது விகாரமாகத் திருடுகிறவன் மட்டும்தான். பக்கத்தில் எதையும் செருகாமல், போகிற வழியில் பெயரை மட்டும் நகல் எடுத்துக்கொள்கிறவனைப் பிடிக்க உங்கள் வீட்டிலிருந்து ஒரு வழியும் கிடையாது. எனவே 'எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை' என்று இங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாம் படி: போனில் டிஎன்எஸ் கேள்விக்குப் பூட்டு

ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு நிமிடம், செலவில்லை.

ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லா போன்களிலும் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் தேடுங்கள். சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ் உள்ளே 'மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ்' என்பதில் ஒளிந்திருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பிரைவேட் என்று ஆங்கிலத்தில் அடித்தாலே வந்து நிற்கும். அதில் மூன்றாவது தேர்வான ஹோஸ்ட்நேம் என்பதைத் தொட்டு, உங்கள் டிஎன்எஸ் கேள்விக்கு இனி பதில் சொல்லப்போகும் சேவையின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். கிளவுட்ஃபிளேர் வேண்டுமானால் ஒன் என்ற சொல்லை நான்கு முறை, இடையில் மூன்று புள்ளிகள் வைத்து எழுதுங்கள். குவாட்9 வேண்டுமானால் டிஎன்எஸ், புள்ளி, குவாட் என்பதோடு ஒட்டி 9, புள்ளி, நெட். எழுத்துப் பிழை இருந்தால் நெட் மொத்தமாக நின்றுவிடும், அதுதான் ஒரே ஆபத்து. திரும்பப் போய்த் திருத்தினால் வந்துவிடும். இந்த ஏற்பாடு வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் சேர்த்தே வேலை செய்யும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்து குவாட்9. சுவிட்சர்லாந்தில் பதிவான, லாப நோக்கில்லாத அமைப்பு. மோசடித் தளங்களையும் தடுக்கும். கிளவுட்ஃபிளேர் வேகமானது, கேட்டவர் விவரத்தை விற்பதில்லை என்றும் பதிவுகளை 25 மணி நேரத்துக்குள் அழிப்பதாகவும் எழுத்தில் சொல்லியிருக்கிறது. கூகுளின் டிஎன்எஸ் சேவையான 8.8.8.8 தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாதது. ஆனால் விளம்பரத்துக்குப் பயந்து விளம்பர வியாபாரியிடமே போய்ப் பெட்டிச் சாவியைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இங்கே நம்பிக்கையை அழிக்கவில்லை, ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறோம். யாரிடம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஐபோனில் நேரடிப் பெட்டி கிடையாது. ஆப் ஸ்டோரில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 செயலியை நிறுவி, டிஎன்எஸ் மட்டும் என்ற முறையில் வைத்தால் போதும்.

ரயில் நிலைய இலவச வைஃபை போல உள்நுழைவுப் பக்கம் கேட்கும் இடங்களில் இது முரண்டு பிடிக்கும். அப்போது 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றி, உள்ளே நுழைந்த பிறகு பழையபடி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பிரௌசர்

லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸ் வைத்திருந்தால், செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதியின் அடியில் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' இருக்கும். அதை அதிகபட்சப் பாதுகாப்பில் வையுங்கள். அதற்கு அருகிலேயே 'எச்டிடிபிஎஸ் ஒன்லி மோட்' இருக்கிறது, எல்லா ஜன்னல்களுக்கும் என்று தேர்ந்தெடுங்கள். குரோமில் செக்யூரிட்டி பகுதியில் 'செக்யூர் டிஎன்எஸ்', 'ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்‌ஷன்ஸ்' என்று இரண்டையும் இயக்குங்கள். இதற்குப் பிறகு பூட்டில்லாத தளம் வந்தால் எச்சரிக்கை வரும். கோவில் கொடைப் பக்கத்தில் நடந்த கூத்து இனி நடக்காது.

முதலில் சொன்ன இரண்டாவது ஓட்டை, வாசலில் சொல்லும் பெயர், அதற்கும் மருந்து வந்துகொண்டிருக்கிறது. இசிஎச் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த முறை, பெயரையும் உறைக்குள் வைத்துவிடும். 2023 முதல் ஃபயர்பாக்ஸும் குரோமும் ஆதரிக்கின்றன. டிஎன்எஸ் பூட்டு இருந்தால்தான் உருப்படியாக இயங்கும், அந்தத் தளமும் ஆதரிக்க வேண்டும். எனவே இப்போதைக்குச் சில தளங்களில் மறையும், பலவற்றில் தெரியும். நாம் செய்ய வேண்டியது பிரௌசரைப் புதுப்பித்து வைப்பது மட்டுமே.

'இன்காக்னிட்டோவில்தான் பார்க்கிறேன், எனக்கு இதெல்லாம் வேண்டாம்' என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கறுப்புத் திரை மறைப்பது அதே போனை எடுத்துப் பார்க்கும் வீட்டாரிடமிருந்து மட்டும். வயரில் போவது அப்படியே போகும்.

நான்காம் படி: மோடம்

சுவரில் மாட்டிய பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரௌசரில் அடித்து, அதே ஸ்டிக்கரில் உள்ள பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகலாம். முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. பிறகு லேன் அல்லது டிஎச்சிபி பகுதியில் முதன்மை டிஎன்எஸ் 9.9.9.9, இரண்டாவது 149.112.112.112 என்று கொடுத்துச் சேமியுங்கள். டிவி, கேமரா போன்றவற்றுக்குத் தனித்தனியாக எதுவும் செய்ய முடியாததால் இது அவற்றுக்கு.

பல இடங்களில் படிக்கும் ஒரு தவறை இங்கே திருத்த வேண்டும். மோடத்தில் எண்ணை மாற்றியதுமே யாரும் பார்க்க முடியாது என்று எழுதுகிறார்கள். கேள்வி போகும் முகவரிதான் மாறியிருக்கிறது, கேள்வி இன்னும் திறந்த அட்டையாகவே போகிறது. வழியில் இருப்பவர் விரும்பினால் படிக்கலாம், சிலர் வழிமறித்துத் தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். லீக் டெஸ்டில் குவாட்9-க்குப் பதிலாகப் பழைய பெயரே வந்தால் அதுதான் நடக்கிறது. ஆகவே மோடம் மாற்றம் துணைக்கு, போன் பூட்டுதான் முதன்மை.

நம் மாவட்டத்தில் கேபிள் டிவி நடத்தியவர்களே பல ஊர்களில் ஃபைபர் இணைப்பும் தருகிறார்கள். மோடம் அவர்களுடையது, உள்ளே போகும் கடவுச்சொல்லைப் பூட்டியும் வைத்திருக்கலாம். வம்புக்குப் போகாமல் 'அண்ணே, டிஎன்எஸ் மட்டும் மாற்றிக் கொடுங்கள்' என்றால் பெரும்பாலும் செய்து தருவார்கள். தெருவில் வயர் இழுக்கும் அவர்களுக்கும் மேலே இருக்கும் நிறுவனம் என்ன செய்கிறது என்பதற்கும் நடுவில் தூரம் அதிகம். கோபத்தை மேலே இருப்பவருக்கு மிச்சம் வையுங்கள்.

ஐந்தாம் படி: விபிஎன் வேண்டுமா?

எஸ்என்ஐ ஓட்டையையும் சேர்த்து மொத்தமாக அடைக்க வேண்டுமென்றால் விபிஎன்தான் வழி. நம் வீட்டிலிருந்து போவது எல்லாவற்றையும் பூட்டிய குழாய்க்குள் வைத்து, இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை அது. இணைப்பு தருகிறவருக்கு 'இவர் ஒரு குழாயைத் திறந்து வைத்திருக்கிறார்' என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் குழாயின் மறுமுனையில் இருப்பவருக்கு எல்லாப் பெயரும் தெரியும்.

இலவச விபிஎன் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஒனாவோ என்ற பாதுகாப்பு விபிஎன் செயலியை 2013-இல் பேஸ்புக் வாங்கி, மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகவே நோட்டம் பார்த்தது. ஆப்பிள் 2018-இல் அதைத் தன் கடையிலிருந்து அகற்ற வைத்தது. சிரட்டைக்குப் பயந்து குடத்தைக் கொண்டுபோய் வைத்த கதை.

காசு கொடுத்து வாங்குவதென்றாலும் ஒன்று தெரிந்திருக்கட்டும். சைபர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இங்கே சேவை தரும் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. வங்கி வேலையும் யூடியூபும் மட்டும் உள்ள வீட்டுக்கு விபிஎன் தேவையில்லை என்பது என் எண்ணம். பத்திரிகை, வழக்கு, மருத்துவம் சார்ந்த இரகசியம் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். படித்த சூட்டோடு துபாயில் இருக்கும் மகனுக்கு இதைச் சொல்லிவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன் மூலம் குற்றம் செய்வதற்கும் மறைப்பதற்கும் மிகக் கடுமையான அபராதம் உண்டு. அங்கே எது குற்றம் என்பது இங்கிருந்து ஊகிக்கக் கூடியதல்ல.

ஆறாம் படி: நிறுவனத்தின் செயலி

ரீசார்ஜ் செய்யவும் பில் கட்டவும் வைத்திருக்கும் செயலிக்கு இருப்பிடம், தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி அனுமதி எதுவும் தேவையில்லை. போன் செட்டிங்ஸில் எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். செயலிக்குள் தனியுரிமை அல்லது கணக்கு என்ற பகுதியில் 'உங்களுக்கேற்ற சலுகைகள்', 'பங்காளர் நிறுவனங்களோடு பகிர' போன்ற பொத்தான்கள் இருந்தால் அணையுங்கள். பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு இன்று விளம்பரம் தனித் தொழில். ஏர்டெல் 2021-இல் வெளிப்படையாகவே ஒரு விளம்பரப் பிரிவைத் தொடங்கியது. எந்த விவரம் அங்கே போகிறது என்பதைத் தனியுரிமைக் கொள்கையில் 'விளம்பரம்', 'மூன்றாம் தரப்பு' என்ற சொற்களைத் தேடிப் படித்தால் பாதி தெரிந்துவிடும். தொல்லைக் குறுஞ்செய்திகளுக்கு 1909-இல் பதிவு செய்யலாம்; ஆனால் அது செய்தியைத்தான் நிறுத்தும், கவனிப்பதை நிறுத்தாது.

ஏழாம் படி: எழுதிக் கேளுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் இதற்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன். நகல் மட்டும் எடுக்கிறவனை எந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாது என்றேனே, அவனை எழுத்தில் பதில் சொல்ல வைப்பது ஒன்றுதான் வழி. பொய் சொன்னால் அந்தப் பொய்யே பின்னால் ஆவணமாகும்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கும், பதிவுத் தபாலில் அலுவலக முகவரிக்கும் இப்படி எழுதலாம்:

"நான் தங்கள் வாடிக்கையாளர். இணைப்பு எண் இது. நான் செல்லும் இணையதளங்களின் பெயர், டிஎன்எஸ் கேள்விகள், பயன்படுத்தும் நேரம் ஆகியவற்றைச் சட்டப்படி வைக்க வேண்டிய பதிவுக்கு அப்பால் வேறு எந்த நோக்கத்துக்காவது சேகரிக்கிறீர்களா? விளம்பரத்துக்காகப் பயன்படுத்துகிறீர்களா, அல்லது வேறு நிறுவனத்துக்குத் தருகிறீர்களா? ஆம் எனில், நான் சம்மதம் அளித்த தேதியையும் அதன் நகலையும் அனுப்புங்கள். அப்படி ஏதேனும் சம்மதம் என் பெயரில் இருந்தால் இக்கடிதத்தின் மூலம் அதைத் திரும்பப் பெறுகிறேன். எழுத்து மூலம் பதில் வேண்டும்."

சோதனையில் ஏதாவது அகப்பட்டிருந்தால் படங்களையும் தேதி, நேரத்தையும் சேருங்கள். கூடவே புகார் எண்ணுக்குப் பேசி டாக்கெட் எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த வாசல் திறக்காது. பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை வைத்தே ஆக வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதி ஏமாறாதீர்கள், தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை. மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கான பொதுக் குறைதீர்ப்புத் தளமும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

கடைசி வாசல் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகள் அங்கே செல்லாது என்று நிறுவனங்கள் நெடுங்காலம் வாதாடி வந்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. பொருள் அல்லது சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. உங்கள் இணைப்பு அரசு நிறுவனத்தினுடையது என்றால் இன்னும் எளிது: பத்து ரூபாய் கட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஜூலையில், தகவலுக்கு உரிமையாளர் பயனரே, நிறுவனங்கள் வெறும் காப்பாளர்கள் என்று டிராய் பரிந்துரைத்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் தெளிவாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் நாமே செயல்பட்டுக் கொடுத்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வரை. ஏழாம் படியில் சொன்ன கடிதத்தை இப்போதே அனுப்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அவகாசம் முடியும் நாளில் உங்கள் மறுப்பு அவர்கள் கோப்பில் பழைய தேதியோடு கிடக்கும்.

மின்னல் அடித்த பிறகு

அண்ணாச்சி வீட்டில் நான்கு போன்களையும் ஒரு மோடத்தையும் அன்றே சரிசெய்துவிட்டு வந்தேன். ஜெர்மன் மொழி விளம்பரம் நிற்கவில்லை, நிற்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். அதற்குக் கூகுள் கணக்கில் விளம்பர விருப்பங்களை அணைக்க வேண்டும், அது தனி வேலை. ஐப்பசியில் ஒரு ராத்திரி விழுந்த இடியில் அவர் மோடம் கருகியது. கேபிள்காரர் மறுநாளே புதிய பெட்டி மாட்டிக் கொடுத்தார். நெட் வந்தது, டிஎன்எஸ் எண்கள் பழையபடி நிறுவனத்தினுடையதாக ஆகிவிட்டிருந்தன, கடவுச்சொல் மறுபடியும் ஸ்டிக்கரில் உள்ளது. அவர் கவனிக்கவே இல்லை. போன்களில் வைத்த பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

மோடம் மாற்றினாலும், கேபிள்காரர் ரீசெட் செய்தாலும், புது போன் வாங்கினாலும் லீக் டெஸ்டை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அண்ணாச்சி இப்போது அந்த எண்களை ரப்பர் ஷீட் கணக்கு எழுதும் காலண்டர் தாளில் எழுதி, மோடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.